கோடு போடும் முன் ஒரு நடை நடந்து பாருங்கள்

தமிழ்நாட்டுப் பழைய ஊர்களுக்கு முழுமைத் திட்டம் வரையும் நகரமைப்பு அதிகாரிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நம் மாநிலத்தில் பல ஊர்களுக்குப் புதிய முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. இன்னும் இருபது வருஷத்துக்கு எந்தத் தெரு எவ்வளவு அகலம், எந்த நிலம் எதற்கு, யார் வீட்டு முன்பக்கம் சாலைக்குப் போகும் என்பதையெல்லாம் உங்கள் மேசையில் இருக்கும் வரைபடம்தான் முடிவுசெய்யப்போகிறது. செயற்கைக்கோள் படம், ட்ரோன் அளவை, கணினி வரைபடம் என்று உங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்களுக்குக் கிடைக்காத வசதிகள் உங்களிடம் இருக்கின்றன. உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதே ஊர்களுக்கு 1914-15ல் ஒருவர் வந்தார். சந்து சந்தாக நடந்து பார்த்து, ஊர் ஊராக அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் முதலில் செய்த வேலை இன்றைய திட்டங்களில் கடைசியில்கூட நடப்பதில்லை. அதைச் செய்யுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், 1854-ல் பிறந்தவர். நகரமைப்புப் பாடத்தில் உங்களில் பலர் அவர் பெயரைப் படித்திருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் போயிருக்கலாம். அவர் கட்டடக் கலைஞரும் இல்லை, பொறியாளரும் இல்லை. உயிரியல் படித்தவர், டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். 1879-ல் மெக்சிகோவுக்கு ஆய்வுக்குப் போன இடத்தில் கொஞ்ச காலம் பார்வையே போய்விட்டது. பார்வை திரும்பிய பிறகும் நுண்ணோக்கியில் மணிக்கணக்காகக் கண் வைத்து வேலை செய்ய முடியவில்லை. உயிரினங்களைப் பார்த்த அதே கண்ணால் ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் முதலில் கை வைத்தது ஸ்காட்லாந்துத் தலைநகரான எடின்பரோவின் பழைய நகரத்தில். அன்று அது நோயும் இருட்டும் நிறைந்த நெரிசலான குடியிருப்பு. வசதியுள்ளவர்கள் எல்லாரும் புதிய நகரத்துக்குக் குடிபோய்விட்டார்கள். கெடிஸும் அவர் மனைவி அன்னாவும் 1886-ல் கல்யாணமான கையோடு எதிர்த் திசையில் போனார்கள். ஜேம்ஸ் கோர்ட் என்ற அந்த நெரிசலான முற்றத்திலேயே வீடு எடுத்துக் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு கூட்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். மிக மோசமான கட்டடத்தை மட்டும் இடித்து வெளிச்சம் வர வழி செய்தார்கள், மற்றதைப் பழுது பார்த்தார்கள். கெட்ட இடத்தை மட்டும் அறுத்து எடுத்து மிச்சத்தைக் காப்பாற்றும் இந்த முறைக்குப் பிற்பாடு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'காக்கும் அறுவை' என்று சொல்லலாம். மருத்துவர் நாடி பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது, நகரமைப்பாளரும் அப்படித்தான் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்.

இதற்கு நேர் எதிரான வழியும் அன்று புகழோடு இருந்தது. 1853 முதல் 1870 வரை பாரிஸை ஓஸ்மான் என்ற நிர்வாகி பிளந்து போட்ட அகலமான நேர்ச்சாலைகளைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. அதே பாரிஸின் மையத்தில் பெரும்பகுதியை இடித்துவிட்டு 18 கோபுரங்களை நிறுத்தலாம் என்று 1925-ல் லெ கார்பூசியே என்ற கட்டடக் கலைஞர் படம் வரைந்து காட்டினார். நல்லவேளை, அது படமாகவே நின்றுவிட்டது. நகரமைப்பின் வரலாற்றில் பெரிய பெயர்கள் எல்லாம் பெரும்பாலும் பெரிய கோடு போட்டவர்களுடையவை. கெடிஸ் போட்ட கோடுகள் சின்னவை. அதனாலேயே நம் ஊர்களுக்கு அவர் அதிகம் பயன்படுவார் என்று நினைக்கிறேன்.

அவர் இங்கே வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம் சென்னையும் வருகிறது. சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-ல் அவர் இந்தியாவுக்குக் கிளம்பினார். பல வருஷமாகச் சேர்த்த வரைபடங்கள், ஓவியங்கள், மாதிரிகள் அடங்கிய நகரக் கண்காட்சி 'கிளான் கிரான்ட்' என்ற இன்னொரு கப்பலில் பின்னால் வந்துகொண்டிருந்தது. அப்போது இந்தியப் பெருங்கடலில் சுற்றிக்கொண்டிருந்தது ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன், அக்டோபரில் கிளான் கிரான்டை மூழ்கடித்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் சேகரிப்பு அப்படியே கடலுக்கு அடியில் போயிற்று. அவர் திரும்பிப் போகவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக வேறொரு தொகுப்பைச் சேர்த்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி திறந்தது. கண்காட்சிக்கு முன்னும் பின்னுமாக அவர் மாகாணத்தின் ஊர்களைப் போய்ப் பார்த்தார்.

நான் தஞ்சாவூர்க்காரன், அதனால் எங்கள் ஊரைப் பற்றி அவர் எழுதியதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். கோட்டைக்குள் நெரிசல், காற்றோட்டம் இல்லை, சுகாதாரம் இல்லை என்று நகராட்சி அன்று ஒரு திட்டம் வைத்திருந்தது. பழைய சந்துகளைப் பற்றிக் கவலைப்படாமல் புதிய நேர்த்தெருக்களைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுவது, வழியில் வரும் வீடுகளை எடுப்பது. கெடிஸ் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்தாக நடந்தார். நடந்தபோது வரைபடத்தில் இல்லாத சங்கதிகள் தெரிந்தன. போக்குவரத்துக்குத் தேவையான வழி ஏற்கெனவே அந்தச் சந்துகளில் இருக்கிறது. அங்கங்கே சில வீடுகள் இடிந்து ஆள் இல்லாமல் கிடக்கின்றன, சில மனைகள் காலியாக இருக்கின்றன. இடிந்ததை மட்டும் எடுத்து, காலி மனைகளைச் சேர்த்து, நெருக்கும் இடத்தில் கொஞ்சம் விரித்துவிட்டால் சின்னச் சின்னத் திறந்தவெளிகள் கிடைக்கும். அங்கே ஒரு மரம் வைக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காற்று வரும். நல்ல வீடுகள் பெரும்பாலும் தப்பிக்கும். செலவும் பொறியாளரின் திட்டத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். நேர்த்தெரு திட்டம் வரைந்த பொறியாளர் கெட்டவர் இல்லை. அவரும் நோய் ஒழிய வேண்டும் என்றுதான் நினைத்தார். அவருக்கு வரைபடத்தில் தெரிந்தது நெரிசல் மட்டும். எந்த வீடு உறுதியாக நிற்கிறது, எந்த வீடு நாளைக்கே விழும், எந்தக் கிணற்றில் நாலு குடும்பம் தண்ணீர் எடுக்கிறது என்பது வரைபடத்தில் தெரியாது. இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் தெரியாது. மேலிருந்து பார்த்தால் குடியிருக்கும் வீட்டுக் கூரையும் பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கூரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எங்கள் சந்துக்கும் சமீபத்தில் ஓர் அளவைக் குழு வந்தது. மூன்று கால் நிலைத்தாங்கியில் கருவியை நிறுத்தி, வாசல் வாசலாக அளந்து, சுவரில் சிவப்பு மையில் எண் போட்டார்கள். வந்த பையன்கள் மரியாதையான பிள்ளைகள்தான், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்தார்கள். சிவப்புக் குறி எங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையின் நடுவில் விழுந்தது. மதிய நேரத்தில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் சந்துப் பெண்கள் பூக்கட்டுவார்கள், மழை வந்தால் பள்ளிப் பிள்ளைகள் ஒதுங்குவார்கள். அதே சந்தின் மறுகோடியில் பல வருஷமாகக் கூரை விழுந்து, எருக்கு முளைத்து, பாம்பு புழங்கும் மனை ஒன்று இருக்கிறது. அதையும் முகப்பு மட்டும் அளந்துவிட்டுப் போனார்கள். உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கெடிஸ் வந்திருந்தால் முதலில் அந்த மனைக்குள்தான் நுழைந்திருப்பார்.

மதுரைக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை எடுத்த கதை அங்கே தெருப் பெயர்களிலேயே இருக்கிறது. இடிக்கக் காசு இல்லை. சுவரின் ஒரு பகுதியை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடத்தையே தருகிறேன் என்றார். ஊரை இறுக்கிக்கொண்டிருந்த சுவர் போயிற்று, வெளி வீதிகள் வந்தன. வேலை பார்த்த மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும், அளவையாளரின் பெயரில் மாரட் வீதியும் இன்றும் இருக்கின்றன. விளக்குத்தூண் அந்தக் கலெக்டருக்கு ஊர் வைத்த நினைவுச்சின்னம். இவ்வளவு நடந்தும் உள்ளே ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் அப்படியே நின்றன. இறுக்கியதை எடுத்தார்கள், ஊரை விட்டுவிட்டார்கள்.

கோயில் நகரங்களின் இந்த அமைப்பைப் பார்த்து வியந்தவர் கெடிஸ். காஞ்சிபுரத்தைப் பற்றி அவர் எழுதியது பெரிய பாராட்டு. அங்கே கோயில்கள் பெரியவை என்பதோடு அவர் நிற்கவில்லை. கோயில்களும் வீதிகளும் வீடுகளும் சேர்ந்து ஒரு முழுமையான நகரத் திட்டமாக இருப்பதுதான் தன்னை மகிழ்விக்கிறது என்றார். பழந்தமிழ் நகரங்கள் எப்படித் திட்டமிடப்பட்டன என்று இலக்கியங்களிலிருந்து தொகுத்து சி.பி. வெங்கடராம அய்யர் 1916-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டபோது முன்னுரை எழுதியவரும் கெடிஸ்தான்.

தேரோட்டத்தை ஒரு நகரமைப்பாளரின் கண்ணோடு பாருங்கள். தேர் மூலைக்கு வரும்போது வடம் பிடிப்பவர்கள் தளர்த்துவார்கள். முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் சொருகி, எடுத்து, மறுபடி சொருகி, அவ்வளவு பெரிய எடையை அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். அந்தத் திருப்பத்துக்கு வேண்டிய இடம் வீதி மூலையில் இருந்தாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் தேர் வரும் என்பதற்காக ஊர் மற்ற நாளெல்லாம் அந்த அகலத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. சாலை விதிகளை ஊரே ஏற்றுக்கொண்டு நடக்க வைக்க ஒரு வழி நம்மிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதியின் பெயரால் அந்தத் தேர் வீதிகளில் பலர் நடக்க முடியாத காலம் அது. அக்ரகாரம் எங்கே, சேரி எங்கே என்பதும் அதே பழைய நகரத் திட்டத்தின் பகுதிதான். கோயில் நகரத்தின் அழகைப் பாராட்டும்போது கெடிஸ் இதற்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். ஆகவே பழையதைக் காப்போம் என்ற பேச்சை வைத்துக்கொண்டு, ஒதுக்கி வைத்த இடத்தையும் அப்படியே ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். சாக்கடை கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எது, மழைத் தண்ணீர் முதலில் ஏறும் இடம் எது என்று பாருங்கள். உங்கள் நடை அங்கிருந்து தொடங்கட்டும். காக்கும் அறுவை முதலில் அங்கே வசிப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். சாலை அகலப்படுத்தும்போது முதலில் அகற்றப்படுபவர்களும் அவர்கள்தான்.

குளங்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் மனசு கனக்கிறது. மலேரியா பரவுகிறது, குளங்களைத் தூர்த்துவிடலாம் என்பது அன்றைய சுகாதாரத் துறையின் வழக்கமான வாதம். கெடிஸ் உயிரியல்காரர் அல்லவா, தூர்க்காதீர்கள் என்றார். தண்ணீரைச் சுத்தமாக வைத்து, மீனும் வாத்தும் விட்டால் கொசுப் புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும் என்றார். குளம் சுற்றுப்புறத்தைக் குளிர வைக்கும் என்றும் எழுதினார். நாம் கேட்டோமா? 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அப்புறம் சில வருஷத்துக்குள்ளேயே மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரைக் கட்டினோம். நுங்கம்பாக்கம் ஏரி 1970-களில் போயிற்று, வள்ளுவர் கோட்டம் அங்கேதான் நிற்கிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கெல்லாம் வந்து நின்றது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் புதிய வரைபடத்தில் ஒவ்வொரு நீர்நிலையும் நீல நிறத்தில் இருப்பது போதாது. அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலும், அதிலிருந்து வழியும் கலங்கலும், அடுத்த ஏரிக்குப் போகும் பாதையும் தரையில் உயிரோடு இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

சரி, நடந்தால் மட்டும் மக்கள் நம்பிவிடுவார்களா? மாட்டார்கள். கெடிஸுக்கே அந்த அனுபவம் உண்டு. 1917-ல் இந்தூர் சமஸ்தானத்துக்குத் திட்டம் போடப் போனார். கையில் வரைபடத்தோடு தெருத்தெருவாகச் சுற்றும்போது ஜனங்கள் அவரைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். பிளேக் கொண்டுவரும் கிழட்டு சாகிப் இவர்தான் என்கிறார்கள் என்று பதில் வந்தது. வரைபடத்தோடு அதிகாரி வந்தால் வீடு போகும் என்பதுதான் அவர்கள் அறிந்திருந்த நகரமைப்பு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர் சமஸ்தானத்திடம் போய், ஒரே ஒரு நாள் என்னை மகாராஜா ஆக்குங்கள் என்று கேட்டார். தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் அறிவித்தார். ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருவில் வீடுகளைச் சரிசெய்து நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்றார். ஊரே துடைப்பத்தை எடுத்தது. அன்று யானை, குதிரைகளோடு அறுவடை விளைச்சலும் ஊர்வலமாக வந்தது. அழுக்கு அரக்கனின் உருவமும் பிளேக்கைப் பரப்பும் ராட்சத எலியின் உருவமும் வந்தன. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடுப்பில், மாலையோடு, ஊர்வலத்தின் கௌரவமான பகுதியாக நடந்து வந்தார்கள். புதிய நகரத்தின் திட்டப் படத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் எலியையும் அரக்கனையும் வாணவேடிக்கையோடு கொளுத்தினார்கள். நகரத் திட்டம் என்றால் இடிப்பு என்று நினைத்த ஊர், அது தன்னுடைய காரியம் என்று நினைக்கத் தொடங்கியது. துப்புரவு செய்பவர்களுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு மரியாதை செய்யத் துணிந்ததற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அதே இந்தூரில் 1980-களில் கட்டடக் கலைஞர் பால்கிருஷ்ண தோஷி ஏழைகளுக்காக அரண்யா குடியிருப்பை வடிவமைத்தார். ஏழைகள் வாழும் குடியிருப்புகளை முதலில் கூர்ந்து கவனித்தார்கள். திண்ணை, படி, மூலைக் கடை, மரத்தடி என்று எது எதற்குப் பயன்படுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு மனையும் அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீரும் கொடுத்து, மிச்சத்தைக் குடும்பங்கள் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள விட்டார்கள். 1995-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. பார்த்துவிட்டு வரைவது பழங்காலத்துக்கு மட்டும் சரிப்படும் முறை என்று யாராவது சொன்னால் அரண்யாவைக் காட்டுங்கள்.

உங்கள் தரப்பு நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. ஆள் குறைவு, கெடு நெருங்குகிறது, ஒரு ஆலோசனை நிறுவனம் பல ஊர்களை ஒரே நேரத்தில் பார்க்கிறது, மேலிடம் படம் எங்கே என்று கேட்கிறது. கெடிஸின் அறிக்கைகளில் பெரும்பாலானவை நிறைவேறாமல் போனதும் எனக்குத் தெரியும். நகராட்சிகளிடம் அன்றும் பணம் இல்லை, பிடிவாதமும் இருந்தது. ஆனால் நடப்பதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. தவறான கோடு ஒன்றுக்கு இழப்பீடு, வழக்கு, தடையாணை என்று பிறகு ஆகும் செலவை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். பழைய ஊர்ப் பகுதியில் எந்தச் சாலைக் கோடும் முடிவாகும் முன்னால், அந்த வார்டில் வசிப்பவர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு சந்தும் நடந்து பார்த்த பதிவு இருக்க வேண்டும். ஆள் இல்லாத வீடு, விழும் நிலையில் இருக்கும் வீடு, காலி மனை, கிணறு, மரம், தண்ணீர் தேங்கும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஊர் முழுக்க ஒரே அகலம் என்று விதி போடாமல், எங்கே நெருக்குகிறதோ அங்கே மட்டும் விரியுங்கள். அப்புறம் வரைவுத் திட்டத்தை இணையத்தில் ஆங்கிலக் கோப்பாகப் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்டோம் என்று முடித்துவிடாதீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, சுவர் அளவுக்குப் படத்தை மாட்டி, தெருப் பெயர்களைத் தமிழில் எழுதி, ஒருவர் தன் வீட்டைத் தானே விரல் வைத்துக் கண்டுபிடிக்கும்படி வையுங்கள். பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஒருவர் வேண்டும். கெடிஸ் கடலில் தொலைத்த கண்காட்சியை மறுபடி சேர்த்து நடத்தியதும் இதற்காகத்தான். நம் ஊர்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளைத் தமிழில் மொழிபெயர்த்து அந்தந்த ஊர் நூலகத்தில் வைத்தால், திட்டத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் வெறும் கோபத்தோடு மட்டும் வர மாட்டார்கள்.

தஞ்சாவூரில் தொடங்குவதாக இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழை நடுவில் ஒரு தடவை வாருங்கள். விடியற்காலையில் மேல வீதியிலிருந்து கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் சந்துகள் வழியாகக் கோட்டைச் சுவரோரத்து அலங்கம் வரை பார்த்துவிடலாம். கூட வர நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம். எந்த வீடு பூட்டியிருக்கிறது, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தச் சாக்கடை எங்கே அடைக்கிறது என்பதைத் தண்ணீர் பிடிக்க நிற்பவர்களே சொல்லிவிடுவார்கள். கையில் வரைபடத்தையும் அழிப்பானையும் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தஞ்சைக் கோட்டைக்குள் குடியிருக்கும் ஒருவன்